ராப்டர்ஸ், பெப்ரவரி 2023: விற்பதா, வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 பெப்ரவரி 9ஆம் திகதி பிற்பகல் 3 மணியோடு, என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு முடிந்தது. அந்த நேரத்தில் ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியின் கணக்கு 26 வெற்றி, 30 தோல்வி. அதற்கு முந்தைய வாரங்களில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் இதே கதைதான். ஒரு பக்கம் "எல்லாரையும் வித்துப்போட்டுப் புதுசாத் தொடங்குங்கோ" என்றது. மறுபக்கம் "ஒரு நல்ல சென்டர் வந்தாப் போதும்" என்றது. சென்டர் என்றால் வளையத்தடியில் நின்று ஆடும் உயரமான ஆள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கெடு நாள் நெருங்கும்போதெல்லாம் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கும் இதில் ஒரு கட்சி உண்டு. அதை மறைக்காமலே பதில் எழுதியிருக்கிறேன்.

கெடு நாளுக்கு ஏன் இவ்வளவு பரபரப்பு?

அந்த நேரம் கடந்துவிட்டால் பருவம் முடியும்வரை ஒரு வீரரைக் கொடுத்து இன்னொருவரை வாங்க முடியாது. கோடையில் ஒப்பந்தம் முடியும் வீரர் ஒருவர் அணியில் இருந்தால், அவருக்கு ஈடாக எதையாவது பெற்றுக்கொள்ள அதுவே கடைசிச் சந்தர்ப்பம். கோடையில் அவர் தன் விருப்பப்படி எந்த அணிக்கும் போகலாம். போனால் பழைய அணிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ராப்டர்ஸின் கதை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் நடந்தது.

அணி ஏன் தடுமாறியது? ஆட்கள் நல்ல ஆட்கள்தானே?

நல்ல ஆட்கள்தான். அதனால்தான் எரிச்சல் கூடுதலாக இருந்தது. பஸ்கால் சியாகம் 2022 டிசம்பரில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயார் கார்டன் அரங்கில் தனியாளாக 52 புள்ளி எடுத்து அணியை வெல்ல வைத்தார். ஓ.ஜி. அனுநோபி அந்தப் பருவத்தில் பந்து பறிப்பதில் முழு லீக்கிலும் முதலிடம். பிரெட் வான்வ்லீட் 2022இல் நட்சத்திர வீரர்களுக்கான ஓல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தெரிவானவர். ஸ்கொட்டி பார்ன்ஸ் அதே ஆண்டின் சிறந்த புதுமுகம். கெரி ட்ரென்ட் ஜூனியர் மூன்று புள்ளி எறியக்கூடியவர்.

பிரச்சினை அணியைக் கட்டிய முறையில் இருந்தது. ஆறடி எட்டு, ஆறடி ஒன்பது அங்குலம் உயரமும் நீண்ட கைகளும் உள்ளவர்களை நிறைய வைத்துக்கொண்டு, யாரும் யாரையும் காக்கலாம், எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கலாம் என்பது அப்போது நிர்வாகத் தலைவராக இருந்த மசாய் உஜிரியின் திட்டம். பந்து பறிப்பது நன்றாகவே நடந்தது. தங்கள் கையிலிருந்த பந்தைத் தொலைப்பதும் குறைவு. ஆனால் எதிரணி ஓடி முடித்து நிலையாக நின்று காக்கத் தொடங்கியதும் ராப்டர்ஸுக்கு வழி தெரியாது. எறிந்த பந்து வளையத்துக்குள் விழவில்லை. வளையத்தடியில் காவலுக்கு உண்மையான சென்டரும் இல்லை. ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் ஒருவர் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்க மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை அந்தப் பருவம் பார்த்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பருவம் முடிந்ததும் உஜிரியே அணியின் சுயநலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

யார் யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிய இருந்தது?

இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அப்போது நம்மில் பலர் இதைக் கடைசியாகத்தான் கேட்டோம்.

வான்வ்லீட்டுக்கு 2023-24க்கு ஏறக்குறைய 22.8 மில்லியன் டொலர் சம்பளம் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதை ஏற்பதும் விடுவதும் அவர் இஷ்டம். அவர் விட்டுவிட்டு வெளிச்சந்தைக்குப் போவார் என்பது யாருக்கும் இரகசியமல்ல. ட்ரென்டுக்கும் அதே மாதிரி ஒரு தெரிவு, ஏறக்குறைய 18.6 மில்லியனுக்கு. சியாகமின் ஒப்பந்தம் 2024 கோடையில் முடியும். அனுநோபியும் அதே 2024 கோடையில் விலகிக்கொள்ளலாம்.

ஆக, முதல் ஐவரில் இருவர் நான்கைந்து மாதத்திலும், இன்னும் இருவர் ஒன்றரை வருடத்திலும் கையை விட்டுப் போகக்கூடிய நிலை. நிச்சயமாக நிற்கக்கூடியவர் பார்ன்ஸ் மட்டும்தான். ஒப்பந்தத்தில் மிச்சம் இருக்கும் காலம் குறையக் குறைய, ஒருவரை வாங்க மற்ற அணி தரத் தயாராக இருக்கும் விலையும் இறங்கும். 2023 பெப்ரவரி என்பது சியாகமுக்கும் அனுநோபிக்கும் விலை உச்சத்தில் இருந்த நேரம், வான்வ்லீட்டுக்கு விலை என்று ஒன்று இருந்த கடைசி நேரம்.

விற்கச் சொன்னவர்கள் எதை நம்பினார்கள்?

2021ஐத்தான். கொவிட் காரணமாக எல்லை மூடப்பட்டு, ராப்டர்ஸ் புளோரிடாவின் தம்பா நகரில் வீடில்லாத அணியாக விளையாடிய பருவம் அது. 27 வெற்றி, 45 தோல்வி. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுப்பது ட்ராஃப்ட்; அதில் முன்வரிசையை முடிவு செய்யும் லொத்தரில் அதிகம் தோற்ற அணிகளுக்கு வாய்ப்புக் கூட. அந்தத் தோல்விகளுக்குப் பலனாக லொத்தரில் நான்காம் இடம் கிடைத்தது. அதில் வந்தவர்தான் ஸ்கொட்டி பார்ன்ஸ். அடுத்த பருவத்தில் அணி 48 ஆட்டங்களை வென்றது.

ஒரு மோசமான வருடத்தைப் பொறுத்துக்கொண்டால் பத்து வருடத்துக்கான ஆள் கிடைப்பார் என்பதை அனுபவத்தில் கண்ட கூட்டம் அது. அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது.

தோற்றுத் தோற்று விக்டர் வெம்பன்யாமாவைப் பிடித்திருக்கலாமே?

அந்த வருட ட்ராஃப்டில் எல்லா அணிகளும் கண் வைத்திருந்த இளைஞர் அவர். ஆனால் பிடித்திருக்க முடியாது. கணக்குப் போட்டால் விளங்கும். அன்றைய விதிப்படி லொத்தரில் முதலிடத்துக்கான உச்ச வாய்ப்பான 14 சதவீதம், கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகளுக்கு மட்டும். அந்தப் பருவம் டிட்ரோயிட் 17 ஆட்டம்தான் வென்றது. ஹியூஸ்டனும் சான் அன்ரோனியோவும் ஆளுக்கு 22. ராப்டர்ஸ் கெடு நாளன்றே 26 வெற்றியோடு நின்றது. மிச்சம் இருந்த 26 ஆட்டத்தையும் ஒன்றுவிடாமல் தோற்றிருந்தாலும் அந்த மூன்று அணிகளுக்குக் கீழே போயிருக்க முடியாது.

வெம்பன்யாமாவைக் காட்டி விற்கச் சொன்னவர்களோடு எனக்கு அப்போதே உடன்பாடில்லை. விற்பதற்கு அதைவிட நல்ல காரணம் இருந்தது: மேலே சொன்ன ஒப்பந்தத் திகதிகள்.

வாங்கச் சொன்னவர்கள் விவரமில்லாமலா சொன்னார்கள்?

அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இரண்டு முன்னுதாரணம் இருந்தது, இரண்டும் இதே அணியுடையது.

2013 டிசம்பரில் ராப்டர்ஸ் ரூடி கேயை சாக்ரமென்ரோவுக்கு விற்றது. அணியைக் கலைக்கப் போகிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கைல் லௌரியும் நியூயோர்க் நிக்ஸுக்குப் போகும் தறுவாயில் இருந்தார், பேச்சு முறிந்தது. கேயுக்குப் பதிலாக வந்த கிரேவிஸ் வாஸ்கேஸ், பற்றிக் பற்றர்சன் போன்றவர்கள் பெரிய பெயர்கள் இல்லை. ஆனால் பந்து கை மாறத் தொடங்கியது, அணி 48 ஆட்டம் வென்றது. லௌரி அதற்குப் பிறகு ஏழு பருவம் இங்கே ஆடினார்.

இரண்டாவது 2019. கெடு நாளான பெப்ரவரி 7இல் யோனாஸ் வலன்சியூனஸ் உட்பட மூவரையும் ட்ராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் (அந்தச் சுற்றில் ஒரு புது வீரரை எடுக்கும் உரிமையையும்) மெம்பிஸுக்குக் கொடுத்து மார்க் கசோலை வாங்கினார்கள். நான்கு மாதத்தில் கிண்ணம் ரொறன்ரோ வந்தது. சரியான நேரத்தில் சரியான சென்டர் வந்தால் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவர்கள் அதையே திரும்பக் கேட்டதில் வியப்பில்லை.

ஆனால் 2019இல் அணியில் கவாய் லெனர்ட் என்ற பெரிய நட்சத்திரம் இருந்தார். கசோல் வருமுன்பே அது கிண்ணத்துக்குப் போட்டி போடும் அணி. தோல்வி வெற்றியைவிடக் கூடுதலாக இருக்கும் அணிக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

கடைசியில் நிர்வாகம் என்ன செய்தது?

சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸிடமிருந்து யாக்கொப் பேர்ட்டிலை வாங்கியது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த ஏழடிச் சென்டர். 2016இல் ராப்டர்ஸே ட்ராஃப்டில் ஒன்பதாவதாக எடுத்து, 2018இல் லெனர்டுக்காக டிமார் டெரோசனோடு சேர்த்துக் கொடுத்த அதே பேர்ட்டில். ஈடாகப் போனது கெம் பேர்ச், 2024 முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள். அந்த முதல் சுற்றுத் தேர்வுக்கு ஒரு காப்பு இருந்தது: லொத்தரில் முதல் ஆறு இடத்துக்குள் வந்தால் ரொறன்ரோவிடமே நிற்கும்.

வான்வ்லீட், ட்ரென்ட், அனுநோபி, சியாகம் நால்வரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இப்படிப்பட்ட ட்ரேடில் (வீரர் மாற்றத்தில்) பேர்ச் போன்ற ஒருவர் எதற்கு?

சம்பளத்துக்காக. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் அணி ஒருவரை வாங்கும்போது, அனுப்பும் சம்பளமும் வாங்கும் சம்பளமும் விதியில் சொன்ன அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். பேர்ட்டிலின் சம்பளம் ஏறக்குறைய 9.4 மில்லியன், பேர்ச்சுடையது ஏறக்குறைய 6.7 மில்லியன். அது விதிக்குள் அடங்கியது. அதிகம் ஆடாத ஒருவரின் ஒப்பந்தத்துக்கும் இப்படி ஒரு பெறுமதி உண்டு.

பேர்ட்டில் ட்ரேட் பிழையா?

பேர்ட்டில் என்ற ஆட்டக்காரரில் ஒரு பிழையும் இல்லை. வந்த முதல் வாரத்திலேயே ஒர்லாண்டோவுக்கு எதிராக 30 புள்ளி எடுத்தார். எதிரணிக் காவலரை உடம்பால் மறித்துச் சக வீரருக்கு இடம் எடுத்துக் கொடுப்பது, வளையத்தடியில் நின்று தடுப்பது என்று அணிக்கு இல்லாதவற்றையே செய்தார். அவர் வந்த பிறகு அணி 15 வென்று 11 தோற்றது.

ட்ரேடைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இது ஒரு சாதாரண கொள்முதல். கூட நடந்ததை, அல்லது நடக்காததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்குகிற அணி எதிர்காலத்தைக் கொடுத்து நிகழ்காலத்தை எடுக்கிறது. விற்கிற அணி நிகழ்காலத்தைக் கொடுத்து எதிர்காலத்தை எடுக்கிறது. ராப்டர்ஸ் 2024 தேர்வைக் கொடுத்ததன் மூலம் எதிர்காலத்தை ஒரு பக்கம் செலவழித்தது. வான்வ்லீட்டைச் சும்மா வைத்திருந்ததன் மூலம் மறுபக்கமும் செலவழித்தது. போதாக்குறைக்குப் பேர்ட்டிலின் ஒப்பந்தமும் அதே கோடையில்தான் முடிந்தது. அவரை நிறுத்திவைக்க நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 80 மில்லியன் டொலர் கொடுக்க வேண்டி வந்தது.

விற்றிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். வான்வ்லீட்டோடு நீடிப்பு ஒப்பந்தம் கையில் இருந்து, அதற்குப் பிறகு பேர்ட்டிலை வாங்கியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். கைக்குள் நிற்பாரா என்று தெரியாத ஆட்டக்காரரை நம்பி முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே நாளில் கெவின் டூரன்ட் விற்பனைக்கு வந்தாரே, அவரை வாங்கியிருக்கலாமே?

புரூக்ளின் கேட்ட விலையைப் பாருங்கள். ஃபீனிக்ஸ் கொடுத்தது மிக்கல் பிரிட்ஜஸ், கமரன் ஜோன்சன், காப்பு எதுவும் இல்லாத நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள், கூடவே ஒரு தேர்வு மாற்றும் உரிமை (இரு அணிகளின் தேர்வில் நல்லதை எடுத்துக்கொள்ளும் உரிமை). ராப்டர்ஸ் பக்கத்தில் அதற்கு ஈடு என்றால் பார்ன்ஸ் போக வேண்டும். 34 வயது டூரன்டுக்காக 21 வயதுப் பார்ன்ஸைக் கொடுப்பது சரிவராது.

வாங்கியதால் அந்தப் பருவத்தில் என்ன கிடைத்தது?

41 வெற்றி, 41 தோல்வி, கிழக்குப் பிரிவில் ஒன்பதாம் இடம், பிளே-ஓஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குள் நுழைவதற்கான பிளே-இன்னில் ஒரு ஆட்டம். ஏப்ரல் 12ஆம் திகதி ஸ்கோஷியாபாங்க் அரங்கில் சிக்காகோ புல்ஸுடன். ராப்டர்ஸ் ஒரு கட்டத்தில் 19 புள்ளி முன்னிலை. பிறகு சக் லவீன் 39 புள்ளி எடுத்தார், ஆட்டம் 109-105 என்று சிக்காகோ பக்கம் போனது.

அன்று ராப்டர்ஸுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ 36. உள்ளே போனது 18. புல்ஸ் அணிக்கு ஆடிய டிமார் டெரோசனின் மகள் பார்வையாளர் வரிசையில் இருந்து ஒவ்வொரு எறிதலின்போதும் கீச்சிட்டுக் கத்தியது தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது. குழந்தையின் சத்தத்தைச் சொல்லிச் சமாதானம் தேடியவர்கள் உண்டு. யாரும் காக்காத எறிதலில் பாதியைத் தவறவிட்டு நான்கு புள்ளியால் தோற்ற அணிக்கு வேறு யாரையும் கைகாட்ட இடமில்லை.

பிழை பயிற்றுவிப்பாளர் நிக் நேர்ஸுடையதா?

ஒரு பங்கு. முதல் ஐவரை நீண்ட நேரம் ஓடவிட்டு வாங்கில் இருந்தவர்களை வளர்க்கத் தவறினார். ஏப்ரல் 21ஆம் திகதி அவரை நீக்கினார்கள். ஆனால் ஒப்பந்தத் திகதிகளைக் கவனிப்பது பயிற்றுவிப்பாளரின் வேலையில்லை.

வான்வ்லீட் போனபோது உண்மையிலேயே ஒன்றும் கிடைக்கவில்லையா?

ஒன்றும் கிடைக்கவில்லை. ஹியூஸ்டன் ரொக்கெட்ஸ் மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 130 மில்லியன் டொலர் கொடுத்தது. ஹியூஸ்டனிடம் சம்பள உச்சவரம்புக்குள் வெற்றிடம் இருந்ததால் ராப்டர்ஸின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை.

"அவர் சம்பளம் மிச்சம், அந்தக் காசுக்கு வேறு ஆளை எடுக்கலாம்" என்று அப்போது பலர் ஆறுதல் சொன்னார்கள். விதி அப்படி வேலை செய்யாது. உச்சவரம்பைத் தாண்டி நிற்கும் அணி தன் சொந்த வீரருக்கு அதிகபட்சச் சம்பளம் வரை கொடுத்து மறுபடி ஒப்பந்தம் செய்யலாம், அதற்கு விதியில் விலக்கு உண்டு. அவர் போய்விட்டால் அந்த விலக்கும் அவரோடு போய்விடும். வெளியாளுக்கு அதே தொகையைக் கொடுக்க முடியாது. நடுத்தர அளவுச் சிறு விலக்கு ஒன்றைப் பயன்படுத்தி டெனிஸ் ஷ்ரோடரை எடுத்தார்கள். வான்வ்லீட்டின் இடத்துக்கு அவர் ஆளில்லை.

ட்ரென்ட் தன் தெரிவை ஏற்று இன்னொரு வருடம் நின்றார். 2024 கோடையில் அவரும் மில்வாக்கிக்குப் போனார். அதற்கும் ஈடு இல்லை.

சியாகமையும் அனுநோபியையும் பிறகு விற்றார்கள்தானே?

விற்றார்கள். 2023 டிசம்பர் 30இல் அனுநோபி நியூயோர்க்குக்குப் போக, இமானுவேல் குவிக்லியும் மிஸ்ஸிசாகாவில் வளர்ந்த ஆர்.ஜே. பரட்டும் வந்தார்கள். நல்ல ட்ரேட், அதை மனதாரச் சொல்கிறேன்.

2024 ஜனவரி 17இல் சியாகம் இந்தியானாவுக்குப் போனார். புரூஸ் பிரவுணும் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் வந்தன. எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். ஆனால் நல்ல அணிகளின் தேர்வு சுற்றின் பின்பகுதியில்தான் விழும். அதில் இரண்டு 19ஆம், 29ஆம் இடங்களில் விழுந்தன. வாங்குகிறவருக்கு அப்போது கையில் இருந்தது சியாகமின் அரைப் பருவம் மட்டும். ஒரு வருடம் முன்பு அது ஒன்றரைப் பருவம். அதற்கேற்ற விலை அந்தப் பெப்ரவரியில் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. 2025இல் அதே சியாகம் இந்தியானாவை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார், கிழக்கு இறுதியின் சிறந்த வீரரும் அவரே.

பேர்ட்டிலுக்காகக் கொடுத்த தேர்வு என்னவானது?

சியாகமையும் அனுநோபியையும் விற்ற 2023-24 பருவத்தில் ராப்டர்ஸ் 25 வென்று 57 தோற்றது. லீக்கில் கடைசியிலிருந்து ஆறாம் இடம். தேர்வு முதல் ஆறுக்குள் விழுந்து ரொறன்ரோவிலேயே நிற்க ஏறக்குறைய 46 சதவீத வாய்ப்பு. லொத்தரில் அது எட்டாம் இடத்துக்குச் சரிந்தது. ஸ்பேர்ஸ் அதில் ரொப் டில்லிங்ஹமை எடுத்து உடனே மினசோட்டாவுக்குக் கொடுத்து, காப்பில்லாத 2031 முதல் சுற்றுத் தேர்வையும் 2030இல் தேர்வு மாற்றும் உரிமையையும் வாங்கிக்கொண்டது. அதே ஸ்பேர்ஸ்தான் 2023 லொத்தரை வென்று வெம்பன்யாமாவை எடுத்த அணி. பேர்ட்டிலை விற்றபோது தாங்கள் எந்தப் பக்கம் போகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கெடு முடிந்த பிறகு ஏதும் செய்ய முடியாதா?

வேறு அணி விடுவித்த ஆட்களை எடுக்கலாம். மார்ச் 1க்குள் விடுவிக்கப்பட்டால் அவர் பிளே-ஓஃபில் ஆடலாம். ராப்டர்ஸ் அப்படி எடுத்தவர் வில் பார்ட்டன். பெரிதாக எதுவும் மாறவில்லை.

அன்று வான்வ்லீட்டை விற்றிருந்தால் உங்களால் தாங்கியிருக்க முடியுமா?

கஷ்டப்பட்டிருப்பேன். 2016 ட்ராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஆறடி ஆள். 2019 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கிண்ணம் வென்ற இரவில், 22 புள்ளி எடுத்தவர். 2021 பெப்ரவரியில் ஒர்லாண்டோவில் 54 புள்ளி எடுத்துக் கழகச் சாதனை படைத்தவர். அவரை வேறு உடுப்பில் பார்ப்பது எந்தப் பெப்ரவரியிலும் வலித்திருக்கும்.

ஆனால் அவர் எப்படியும் ஐந்து மாதத்தில் வேறு உடுப்பைப் போட்டார். வலி மிச்சமாகவில்லை. 2021இல் லௌரியை விற்காமல் வைத்திருந்தபோதாவது கோடையில் மயாமியோடு பேசி ப்ரெஷஸ் அச்சுவாவையும் கோரன் டிராகிச்சையும் ஈடாக வாங்க முடிந்தது. அந்த அச்சுவா பிறகு அனுநோபி ட்ரேடில் ஒரு துண்டாகப் பயன்பட்டார். வான்வ்லீட் விடயத்தில் அப்படி ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அவர்மீது எனக்குக் கோபமே இல்லை. தன் உழைப்புக்கான விலையை அவர் சரியாகக் கேட்டு வாங்கினார். அதே கவனத்தோடு ராப்டர்ஸும் அவருக்கான விலையைக் கேட்டிருக்க வேண்டும்.